ஜாமெட்ரி பாக்ஸுக்குள் ஒரு ஆம்ப்ளிபயர்!



ஆம்ப்ளிபயர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது திருவிழாவில் மைக்செட்காரர் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய பெட்டிதான். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், விடியற்காலை நாலு மணிக்கே பாட்டு! அதே வேலையைச் செய்யும் ஒரு குட்டிப் பெட்டியை, உள்ளங்கையில் அடங்குகிற அளவில், நாமே செய்ய முடியும். இதற்கு ஹெட்போன் ஆம்ப்ளிபயர் என்று பெயர். ஒரு 9 வோல்ட் பேட்டரி, எட்டுக் கால் உள்ள ஒரு ஐ.சி., பதினோரு ரெசிஸ்டர், நாலைந்து கெப்பாசிட்டர், வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸ். சாமான் அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சத்தம் கூட்டுகிற மிஷின் என்று நினைத்துச் செய்யாதீர்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில், ஆம்ப்ளிபயர் உள்ளே என்னதான் நடக்கிறது? சின்ன சிக்னலை ஊதிப் பெரிசாக்குகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகு மேல் ஒருவர் நின்று ஷட்டரைத் திருகுகிறார். அவர் கை பலம் கொஞ்சம்தான். ஆனால் ஷட்டர் ஏற ஏற, வாய்க்காலில் பாய்கிற தண்ணீர் வயலையே நிரப்பிவிடும். அந்தத் தண்ணீர் அவர் கையிலிருந்தா வந்தது? ஏரியிலிருந்து வந்தது. நம் பெட்டியில் பேட்டரிதான் ஏரி, ஐ.சி.தான் ஷட்டர், போனிலிருந்து வரும் பாட்டு சிக்னல்தான் திருகுகிற கை. பாட்டு எப்படி ஏறி இறங்குகிறதோ, அதே மாதிரி பேட்டரியின் கரண்ட் ஏறி இறங்குகிறது. கடைசியில் ஹெட்போனை ஆட்டுவது பேட்டரிதாங்க!

சரி, போனிலேயே பாட்டுக் கேட்கிறதே, நடுவில் இது எதற்கு? நல்ல கேள்வி. ஹெட்போனுக்குள் ஒரு காந்தம், ஒரு மெல்லிய காயில், அதோடு ஒட்டிய ஒரு சவ்வு இருக்கிறது. அந்தக் காயிலின் எதிர்ப்பு ஹெட்போனுக்கு ஹெட்போன் மாறும். நாம் வாங்கும் சாதாரண இயர்போன் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம். ஸ்டுடியோக்களில் போட்டுக்கொள்ளும் பெரிய ஹெட்போன்களில் 250, 300, ஏன் 600 ஓம் கூட உண்டு. 1997-ல் வந்த சென்ஹைசர் எச்.டி.600 என்ற பிரபலமான ஹெட்போன் 300 ஓம்.

இப்போது பத்தாம் வகுப்பு ஓம் விதியை எடுங்கள். காயிலுக்கு 1 மில்லிவாட் திறன் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 32 ஓம் என்றால் 0.18 வோல்ட் போதும், ஆனால் 5.6 மில்லிஆம்பியர் ஓட வேண்டும். 300 ஓம் என்றால் 1.8 மில்லிஆம்பியர் போதும், ஆனால் 0.55 வோல்ட் வேண்டும். அதாவது ஒன்று மூன்று மடங்கு கரண்ட் கேட்கிறது, இன்னொன்று மூன்று மடங்கு வோல்டேஜ் கேட்கிறது. போனுக்குள் இருக்கும் குட்டி சர்க்யூட்டுக்கு இரண்டிலுமே ஒரு வரம்பு இருக்கிறது. வரம்பைத் தாண்டிக் கேட்டால் அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுவிடும். இதைக் கிளிப்பிங் என்பார்கள். மேளம் அடிக்கிற இடத்தில் மட்டும் 'கரகர' என்று கேட்பது பல சமயம் இதனால்தான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும் இல்லையா? உங்களிடம் இருப்பது 32 ஓம் இயர்போன், போனில் போட்டாலே நன்றாகக் கேட்கிறது என்றால் இந்தப் பெட்டி உங்களுக்கு அவசியமே இல்லை. அதோடு 2016-ல் வந்த ஐபோன் 7-க்குப் பிறகு பல போன்களில் ஹெட்போன் ஓட்டையே இல்லாமல் போய்விட்டது. அதற்கென்று விற்கிற சின்ன வயர், அல்லது லேப்டாப், ரேடியோ, பழைய எம்.பி.3 பிளேயர் எதிலாவதுதான் மாட்டிக் கேட்க வேண்டும். ஆனாலும் செய்து பார்ப்பதற்கு அவசியம் என்று ஒன்று இருக்கணுமா என்ன? ஓம் விதியைக் காதால் கேட்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நாம் செய்யப்போகும் சர்க்யூட்டுக்கு 'சி-மோய்' என்று பெயர். 1990-களின் கடைசியில் சூ மோய் என்ற அமெரிக்கர் வரைந்து வெளியிட்டது. உலகம் முழுக்க எலக்ட்ரானிக்ஸ் பிரியர்கள் முதல் முதலில் செய்து பழகுவது பெரும்பாலும் இதைத்தான். அங்கே புதினா மிட்டாய் வரும் தகர டப்பாவில் இதை அடைப்பது வழக்கம். நமக்கு அந்த டப்பா எதற்கு, ஜாமெட்ரி பாக்ஸ் இருக்கே! காம்பஸும் டிவைடரும் தொலைந்துபோன ஒரு பாக்ஸ் எல்லார் வீட்டிலும் இருக்கும்.

சர்க்யூட் படம் இந்தத் தாளின் வலது பக்கம் பென்சிலில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே படியுங்கள். படத்தில் முதலில் கண்ணில் படுவது, பேட்டரியை நடுவில் இரண்டாகப் பிரித்திருப்பது. ஏன்? ஒலி அலை எண் கோடு மாதிரி. பூஜ்யத்துக்கு வலது பக்கமும் போகும், இடது பக்கமும் போகும். பேட்டரியில் பிளஸ், மைனஸ் என்று இரண்டே முனைதான். பூஜ்யத்துக்கு எங்கே போவது? பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் இரண்டு 4.7 கே ரெசிஸ்டர்களை வரிசையாகப் போட்டால், அவை சேருகிற இடத்தில் சரியாக 4.5 வோல்ட் இருக்கும். அந்த நடுப்புள்ளியையே பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறோம். அங்கிருந்து பார்த்தால் பேட்டரியின் பிளஸ் முனை +4.5, மைனஸ் முனை –4.5. இந்தப் புள்ளி ஆடாமல் நிற்க இரண்டு பக்கமும் ஆளுக்கொரு 470 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர். மூல சர்க்யூட்டில் 220 தான் இருக்கும். 470 போட்டால் அடித்தொனிக்கு இன்னும் நல்லது, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. ஹெட்போனின் பொது வயர் போவது இந்த நடுப்புள்ளிக்கு, பேட்டரியின் மைனஸுக்கு இல்லை. அதனால் "பேட்டரி எதுக்கு, லேப்டாப்பின் யு.எஸ்.பி.யிலிருந்தே கரண்ட் எடுத்துக்கலாமே" என்று யாரும் கிளம்ப வேண்டாம். பாட்டும் கரண்டும் ஒரே லேப்டாப்பிலிருந்து வந்தால் நடுப்புள்ளியும் மைனஸும் லேப்டாப்புக்குள் ஒன்றாகச் சேர்ந்து ஷார்ட் ஆகிவிடும். தனி பேட்டரிதான் இதற்குச் சரி.

அடுத்தது ஐ.சி. இதை ஆப்-ஆம்ப் என்பார்கள், தமிழில் செயல்பாட்டுப் பெருக்கி. உள்ளே நிறைய டிரான்சிஸ்டர் இருந்தாலும் இதன் குணம் ஒன்றே ஒன்றுதான். இடது காதுக்கான பாதியை எடுத்துக்கொண்டால், கால் 2, கால் 3 இரண்டும் உள்ளீடு, கால் 1 வெளியீடு. இரண்டு உள்ளீடும் ஒரே வோல்டேஜில் இருக்கும்படி வெளியீட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். விடாப்பிடியான ஆள்! நாம் என்ன செய்கிறோம், வெளியீட்டை ஒரு 2.2 கே, ஒரு 1 கே வழியாகப் பங்கு போட்டு, 3.2 பங்கில் 1 பங்கை மட்டும் கால் 2-க்குத் திருப்பிக் கொடுக்கிறோம். இப்போது பாட்டு வந்து கால் 3-ல் 0.1 வோல்ட் ஆகிறது. கால் 2-லும் 0.1 வர வேண்டுமே! அதற்கு வெளியீடு 0.32 வோல்ட்டுக்கு ஏறியே ஆக வேண்டும். முடிந்தது கதை, 3.2 மடங்கு பெருக்கம். இரண்டு ரெசிஸ்டரை மாற்றினால் மடங்கு மாறும். வலது காதுக்கு இதே வேலையை கால் 5, 6, 7 செய்கின்றன. கால் 8-க்கு பிளஸ், கால் 4-க்கு மைனஸ்.

பழைய படத்தில் 10 கே, 1 கே போட்டு 11 மடங்கு வைத்திருப்பார்கள். அது நமக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. 11 மடங்கு வைத்தால் வால்யூம் குமிழைக் கொஞ்சம் தொட்டதுமே காது கிழியும், மீதிச் சுற்று முழுக்க வீண். 'உஸ்ஸ்' என்கிற இரைச்சலும் அதே மடங்குக்குப் பெருகும்.

கால் 3-க்கு முன்னால் ஒரு 0.1 மைக்ரோபாரட் கெப்பாசிட்டரும், அங்கிருந்து நடுப்புள்ளிக்கு ஒரு 100 கே ரெசிஸ்டரும் இருக்கின்றன. இந்த ஜோடி பாட்டை உள்ளே விட்டு, டி.சி.யை வாசலிலேயே நிறுத்திவிடும். கணக்குப் போட்டால் சுமார் 16 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தேய்த்துவிடும். நம் காது கேட்பதே 20 ஹெர்ட்ஸிலிருந்துதான், ஆகவே நஷ்டம் இல்லை.

எந்த ஐ.சி. வாங்குவது? கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. கடையில் கேட்டால் முதலில் எடுத்துக் கொடுப்பது என்.இ.5532 ஆக இருக்கும். ஆடியோவுக்குப் பேர்போனது, விலையும் மலிவு. ஆனால் இந்தப் படத்துக்கு அப்படியே பொருந்தாது. அதன் உள்ளீட்டுக் கால் சும்மா இருக்காது, தன் பங்குக்கு சுமார் 200 நானோஆம்பியர் கரண்டை இழுத்துக்கொள்ளும். 'நானோ தானே' என்று விட முடியாது. அது அந்த 100 கே வழியாக வரும்போது 0.02 வோல்ட் ஆகிறது. 3.2 மடங்கு பெருகினால் 0.064 வோல்ட். பாட்டே இல்லாதபோதும் ஹெட்போனில் இந்த டி.சி. நிற்கும். வெளியீட்டில் நாம் போடும் 47 ஓம் ரெசிஸ்டரையும் 32 ஓம் இயர்போனையும் சேர்த்தால் ஒரு காதுக்கு 0.8, இரண்டு காதுக்கும் 1.6 மில்லிஆம்பியர். நடுப்புள்ளியைப் பிடித்து வைத்திருக்கும் இரண்டு 4.7 கே வழியாக ஓடுவதோ 1 மில்லிஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவு! கயிறு இழுக்கும் போட்டியில் யார் ஜெயிப்பார்கள்? 4.5-ல் நிற்க வேண்டிய நடுப்புள்ளி மைனஸ் பக்கமாகச் சரிந்துவிடும். அலையின் கீழ்ப்பாதிக்கு இடமே இருக்காது. எல்லா இணைப்பும் சரியாக இருக்கும், ஆனாலும் பாட்டு உடைந்து கேட்கும். காரணம் தெரியாதவர்கள் ஈயம் சரியாக ஒட்டவில்லை என்று திரும்பத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால் உள்ளீட்டில் எப்.இ.டி. வகை டிரான்சிஸ்டர் உள்ள ஐ.சி.தான் வேண்டும். அவை இழுக்கும் கரண்ட் பிகோஆம்பியர் கணக்கு, நானோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டி.எல்.072 இந்த வகை, டீ-வடை செலவில் கிடைக்கும். பெரிய ஓம் ஹெட்போனை நன்றாக ஓட்டும், 32 ஓமில் சத்தம் கூட்டினால் கொஞ்சம் திணறும். ஓ.பி.ஏ.2134 அதைவிட நல்லது. 35 மில்லிஆம்பியர் வரை தரக்கூடியது, ஆனால் விலை அதிகம். அதே பெயரை அச்சடித்த போலிகளும் உலவுவதால் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். இதில் ஒரு வசதி, இந்த மாதிரி இரட்டை ஆப்-ஆம்ப் எல்லாவற்றுக்கும் எட்டுக் கால்களின் வரிசை ஒன்றேதான். ஆகவே ஐ.சி.யை நேராகப் பற்றவைக்காமல் 8 கால் சாக்கெட் ஒன்றைப் பற்றவையுங்கள். இன்றைக்கு டி.எல்.072, நாளைக்குக் காசு சேர்ந்ததும் ஓ.பி.ஏ.2134, பிடுங்கி மாட்டினால் போதும்.

சாமான் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் டி.வி. ரிப்பேர் கடைக்கு ஸ்பேர் கொடுக்கும் கடையைக் கேட்டுப் போங்கள். வால்யூமுக்கு 10 கே இரட்டை பாட், 'லாக்' வகை என்று சொல்லி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் குமிழின் தொடக்கத்திலேயே சத்தம் எல்லாம் வந்துவிடும். 3.5 மி.மீ. ஸ்டீரியோ சாக்கெட் இரண்டு, ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு எல்.இ.டி., அதற்கு 10 கே ரெசிஸ்டர், ஓட்டை போட்ட டாட் போர்டு ஒரு துண்டு, பேட்டரி கிளிப் ஒன்று.

ரெசிஸ்டரின் நிறக் கோடுகளை ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள். பழுப்பு-கறுப்பு-சிவப்பு 1 கே. பழுப்பு-கறுப்பு-மஞ்சள் 100 கே. மூன்றுமே சிவப்பு என்றால் 2.2 கே. மஞ்சள்-ஊதா-சிவப்பு 4.7 கே, மஞ்சள்-ஊதா-கறுப்பு 47 ஓம். கடைசி இரண்டும் ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரே மாதிரி தெரியும், ஜாக்கிரதை. 470 மைக்ரோபாரட் கெப்பாசிட்டரில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். ஒன்றின் மைனஸும் இன்னொன்றின் பிளஸ்ஸும் நடுப்புள்ளியில் சேரும். 16 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள்.

பற்றவைக்க 25 வாட் அயன் போதும். முனையை முதலில் காலிலும் போர்டிலும் சேர்த்து இரண்டு செகண்ட் வைத்துச் சூடாக்கி, பிறகுதான் ஈயத்தைக் காட்ட வேண்டும். அயன் முனையில் ஈயத்தை உருக்கி, அதைக் கொண்டுவந்து அப்பினால் மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும், ஈயம் விஷம்.

பாக்ஸ் தகரம் என்பதால் உள்ளே அடியிலும் பக்கங்களிலும் சார்ட் அட்டையை வெட்டி ஒட்டுங்கள். சாக்கெட்டின் வெளி உலோகம் தகரத்தில் தொடுவதால் பாக்ஸ் முழுக்க நடுப்புள்ளி ஆகிவிடும். அது பரவாயில்லை, வெளி இரைச்சலைக்கூடத் தடுக்கும். ஆனால் பேட்டரியின் முனை தகரத்தில் பட்டுவிடக் கூடாது.

எல்லாம் ஆயிற்று என்றதும் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்ட ஓடாதீர்கள்! முதலில் மல்டிமீட்டர். ஐ.சி.யை மாட்டாமல் பேட்டரியை மட்டும் இணைத்து, மீட்டரின் கறுப்பு முனையை நடுப்புள்ளியில் வையுங்கள். சாக்கெட்டின் கால் 8-ல் +4.5, கால் 4-ல் –4.5 காட்ட வேண்டும். சரியென்றால் பேட்டரியைக் கழற்றி, ஐ.சி.யின் பள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்து மாட்டி, மறுபடி இணையுங்கள். இப்போது கால் 1, கால் 7 இரண்டிலும் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 20 மில்லிவோல்ட் வரை போனால் போகட்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் எங்கோ இணைப்பு தவறு, மேற்கொண்டு போகாதீர்கள். 4.5 வோல்ட் டி.சி. 32 ஓம் காயிலில் விழுந்தால் கணக்குப்படி 140 மில்லிஆம்பியர். 47 ஓம் ரெசிஸ்டரும் ஐ.சி.யும் அவ்வளவு விடாதுதான். ஆனால் விடுகிற 30, 40 மில்லிஆம்பியரே மெல்லிய காயிலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துச் சூடாக்கும். முதல் சோதனைக்குப் பழைய மலிவு இயர்போன் இருக்கட்டும். அப்பாவின் நல்ல ஹெட்போன் வேண்டாம்.

இனி காது. ஆரம்பத்தில் சொன்னேனே, சத்தம் கூட்டும் மிஷின் இல்லை என்று, அந்தக் கணக்கு இதுதான். ஹெட்போன் டப்பாவில் '100 டெசிபல், 1 மில்லிவாட்' என்பது போல் ஒரு எண் போட்டிருப்பார்கள். அதாவது வெறும் 1 மில்லிவாட் கொடுத்தாலே காதில் 100 டெசிபல். அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் 'நயோஷ்' நிறுவனம் 1998-ல் வெளியிட்ட அளவுப்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி, 100-க்கு கால் மணி. திறன் 10 மடங்கானால் 10 டெசிபல் கூடும். நம் குட்டிப் பெட்டி 10 மில்லிவாட் வரை சுலபமாகத் தள்ளும், அதாவது 110 டெசிபல். அதற்கு அனுமதி ஒரு நாளைக்கே ஒன்றரை நிமிடம்தான்! ஒரு பாட்டின் பல்லவி முடிவதற்குள் அன்றைய கோட்டா காலி.

இது பெரியவர்கள் தொழிற்சாலையில் வேலை செய்வதற்குப் போட்ட கணக்கு. நம் வயசுக்கு இன்னும் குறைவு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-ல் அறிவித்த தரத்தில், பாட்டுக் கேட்கும் கருவிகளுக்குப் பெரியவர்களுக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். உள்காதில் சத்தத்தைப் பிடிக்கும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்கு சுமார் 15 ஆயிரம். போனால் போனதுதான், மனிதனுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கும், நமக்கு முளைக்காது!

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தை அமுக்குவதற்காக வால்யூமைக் கூட்டுகிறோமே, அங்கேதான் நமக்குத் தெரியாமலே எல்லை தாண்டுகிறோம். இந்தப் பெட்டியை பஸ்ஸுக்கு எடுத்துப் போகாதீர்கள். அமைதியான அறையில், போனில் கேட்ட அதே அளவு சத்தத்தில் கேளுங்கள். அப்போதுதான் வித்தியாசம் தெரியும்: மிருதங்கத்தின் 'தொம்' உடையாமல் வரும், பின்னால் மெதுவாக வாசிக்கும் வீணை தனியாகத் தெரியும். பெரிய ஓம் ஹெட்போன் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். மாட்டும்போது வழக்கம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: குமிழ் பூஜ்யத்தில், பிறகு சுவிட்ச், பிறகு காது, கடைசியாகத்தான் குமிழ். சுவிட்சைப் போடும்போது வரும் 'டப்' சத்தம் காதுக்குப் போகாது.

பேட்டரி எவ்வளவு நாள் வரும் என்று கேட்பீர்கள். ஓ.பி.ஏ.2134 போட்டால் எல்.இ.டி.யும் சேர்ந்து சுமார் 10 மில்லிஆம்பியர் இழுக்கும். நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரி 500 மில்லிஆம்பியர்-மணி என்று வைத்தால் கணக்குக்கு 50 மணி நேரம், நிஜத்தில் கொஞ்சம் குறையும். டி.எல்.072 போட்டால் செலவு பாதிக்கும் கீழே. ரொம்ப நாள் எடுக்காமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் போர்டு போய்விடும்.

மல்டிமீட்டர் இல்லாதவர்கள் இயற்பியல் ஆய்வகத்தில் சாரிடம் அனுமதி கேட்டுச் சோதித்துக்கொள்ளலாம். போகும்போது ஐ.சி.யைக் கழற்றித் தனியாக எடுத்துப் போங்கள், முதல் சோதனை அது இல்லாமல்தானே!